ஜெராக்ஸ் மெஷினுக்கு வைத்த பொட்டு

ஜெராக்ஸ் கடைக்கு நிதானமாக வருகிறவர் யாரும் கிடையாது. வருகிற அத்தனை பேரும் அவசரத்தில் இருப்பார்கள், மெஷின் மட்டும்தான் நிதானமாக இருக்கும். நடுவில் நிற்கும் கடைக்காரியின் பாடு என்ன என்பது, சொந்தமாகச் சின்னத் தொழில் நடத்தித் தூக்கம் கெட்டுப்போன உங்களுக்குச் சொல்லாமலே புரியும். நான் எட்டாம் வகுப்போடு நின்றவள். விளம்பரம், வரவு செலவு, மெஷின் சமாச்சாரம் எதையும் யாரும் எனக்கு உட்காரவைத்துச் சொல்லித்தரவில்லை. பயந்து பயந்து கற்றுக்கொண்டவற்றில் சிலதை இங்கே எழுதுகிறேன். உதவுமா என்று தெரியாது. உங்களைப் போல இன்னொருத்தியும் இருக்கிறாள் என்றாவது தெரியட்டும்.

டெம்போவில் வந்தது

எண்பதுகளின் கடைசியில் அம்பத்தூர் எஸ்டேட் என்கிற தொழிற்பேட்டையில் என் வீட்டுக்காரர் அந்தோணி லேத் ஓட்டும் டர்னராக இருந்த கம்பெனியை மூடிவிட்டார்கள். கைக்கு வந்த செட்டில்மெண்ட் பணத்தை பேங்கில் போட்டுவிட்டுச் சும்மா இருக்கலாம் என்றார் அவர். எனக்குத்தான் பொறுக்கவில்லை. எங்கள் அம்பத்தூர் ஓ.டி. பகுதியில் ரயில்வே ஸ்டேஷனுக்குப் போகும் வழியில் ஒரு சின்னக் கடை காலியாக இருந்தது. சர்டிபிகேட்டைக் கையில் வைத்துக்கொண்டு வேலை தேடிப் போகிறவர்கள் எல்லோரும் அந்த வழியாகத்தான் போவார்கள். அங்கே ஒரு ஜெராக்ஸ் மெஷின் போடலாம் என்று பிடிவாதம் பிடித்தேன்.

அவர் ஒரு நிபந்தனையோடு சம்மதித்தார். "ஆயுத பூஜை வரைக்கும் பார்ப்போம் பிலோமினா. அதுக்குள்ள மெஷின் தன் செலவைத் தானே பார்த்துக்கலைன்னா, புரோக்கர்கிட்டயே திருப்பிக் கொடுத்துட்டு நான் வாட்ச்மேன் வேலைக்குப் போயிடறேன்." பழைய மெஷினை எங்களுக்கு விற்ற புரோக்கரும், பாதி விலைக்கு எப்போது வேண்டுமானாலும் திரும்ப எடுத்துக்கொள்வதாகச் சொல்லியிருந்தார். அத்தனை வருடம் லேத்தில் நின்ற மனுஷன் ஏதோ ஒரு கேட்டில் நின்று காருக்கு சல்யூட் அடிப்பதை நினைத்தாலே எனக்குச் சோறு இறங்காது.

மெஷின் டெம்போவில் வந்தது. நாலு ஆள் சேர்ந்து இறக்கினார்கள். பக்கத்து சைக்கிள் கடை முனுசாமி, ஒட்டிக்கொண்டிருந்த பஞ்சரைப் பாதியில் விட்டுவிட்டு வந்து மெஷினைச் சுற்றிப் பார்த்தார். "இன்னா யக்கா, இத்தினிக்கூண்டு கடைக்கு இம்மாம் பெரிய ஃபிரிஜ்ஜா? கலரு, சோடா எல்லாம் உள்ள அடுக்கிட்ட பின்னால நீ எங்க குந்துவே?"

ஓசி நகல்

கடை திறந்து முதல் வாரம் ஈ ஓட்டினோம். விளம்பரம் செய்யாமல் யார் வருவார்கள் என்று நோட்டீஸ் அடித்து, பேப்பர் போடுகிறவரிடம் கொடுத்து வீடு வீடாகப் போடச் சொன்னேன். 'இந்த நோட்டீஸைக் கொண்டு வருபவருக்கு ஒரு நகல் இலவசம்' என்று அதில் பெரிதாக எழுதியிருந்தது. அந்த யோசனை என்னுடையது. இரண்டு நாள் எனக்கே என் மேல் பெருமையாக இருந்தது.

மூன்றாம் நாள் கண்ணாடி போட்ட ஒரு பெரியவர் வந்தார். நோட்டீஸைக் காட்டினார். எதை நகல் எடுக்க வேண்டும் என்று கேட்டேன். "இதையேதான்" என்று அந்த நோட்டீஸையே நீட்டினார். விளையாட்டுக்குச் செய்கிறார் என்று நினைத்து எடுத்துக் கொடுத்தேன். மறுநாள் அந்த நகலைக் கொண்டுவந்து நீட்டி, இன்னொரு இலவச நகல் கேட்டார். கூடவே அவர் தெருக்காரர்கள் இருவர், அவர்கள் கையிலும் ஆளுக்கு ஒன்று. என் நோட்டீஸும் கறுப்பு மை, என் மெஷினும் கறுப்பு மை. எது என்னுடையது என்று எனக்கே தெரியவில்லை. இப்படியே போனால் ஊர் முழுக்க ஓசியில் எடுத்துவிட்டுப் போய்விடும். அன்றைக்கே அச்சகத்துக்கு ஓடி, மிச்ச நோட்டீஸைச் சிவப்பு மையில் அடிக்கச் சொன்னேன். சிவப்பை எங்கள் மெஷின் கறுப்பாகத்தான் எடுக்கும், ஏமாற்ற முடியாது. அந்தப் பெரியவரிடம், "நியாயமா ஐயா இது?" என்று கேட்டதற்கு அவர் நிதானமாகச் சொன்னார்: "நான் என்னம்மா பண்றது, உங்க மெஷின் அவ்வளவு தெளிவா எடுக்குது."

பாதிப் பக்கம்

கடைப் பணத்தையும் வீட்டுப் பணத்தையும் ஒரே பையில் போடாதீர்கள். மெஷினுக்குள் டிரம் என்று ஓர் உருளை இருக்கிறது. அது தேய்ந்தால் நகல் மங்கும். மாற்ற வேண்டுமானால் பெரிய செலவு. அதற்காக ஒரு பால் பவுடர் டப்பாவில் தினமும் கொஞ்சம் போட்டுவந்தேன். வீட்டில் எண்ணெய் தீர்ந்தாலும் அந்த டப்பாவைத் தொடுவதில்லை. மெஷினில் லேசாக ஒரு சத்தம் மாறினாலும் டிரம்தானோ என்று என் நெஞ்சு அடித்துக்கொள்ளும். முனுசாமிக்கு அது வேடிக்கை. "எங்க தொழில்ல பஞ்சர்தான் யக்கா. உன் மெஷினுக்கு வந்தா நேரா மாரடைப்பு" என்பார்.

இந்தக் கவலையெல்லாம் கடைக்கு வருகிறவர்களுக்குத் தெரியுமா? பட்டாபிராமிலிருந்து ஓர் அம்மா ரேஷன் கார்டை நகல் எடுக்க வந்தார். எடுத்துக் கொடுத்துக் காசு கேட்டேன். தாளைத் தூக்கி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். ஒரு முறை திருப்பினார், மறுபடியும் திருப்பினார். பிறகு என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டுச் சொன்னார்: "பாதிப் பக்கம் வெள்ளையாத்தானேம்மா கீது, அங்க உனக்கு மையே செலவாகலையே, பாதிக் காசு வாங்கிக்கோ."

மூடிக்குக் கீழே

மெஷின் வாங்குகிறவர்கள் மெஷின் விலையை மட்டும் கேட்டுவிட்டு வந்துவிடாதீர்கள். ஸ்டெபிலைசர் இல்லாமல் எங்கள் பக்கம் எதுவும் ஓடாது. கரண்ட் ஒரு தடவை போய் வந்தால், மெஷின் மறுபடி சூடாகும் வரை காத்திருக்க வேண்டும். அந்த நேரத்தில் வாடிக்கையாளரின் முகத்தைப் பார்க்க முடியாது. நான் வோல்டேஜ் காட்டும் ஸ்டெபிலைசர் முள்ளையே பார்த்துக்கொண்டு நிற்பேன். அந்தப் பழக்கம் பின்னால் என்னை எங்கே கொண்டுபோய் விட்டது என்பதைச் சொல்கிறேன்.

ஒரு சாயங்காலம் நெமிலிச்சேரிக்காரர் ஒருவர் நிலப் பத்திரத்தை நகல் எடுக்கக் கொடுத்தார். கடைசிப் பக்கத்தில் கரண்ட் போனது. வந்தது. மெஷின் சூடாகிறது, சூடாகிறது, சூடாகிக்கொண்டே இருக்கிறது. ஸ்டேஷனில் வண்டி வரும் சத்தம் கேட்டது. கடைசி நகல் விழுந்ததுதான் தாமதம், எல்லாவற்றையும் பிடுங்கிக்கொண்டு ஓடினார். அடுத்த ஆளுக்காக மூடியைத் தூக்கினேன். கண்ணாடியின் மேல் பத்திரத்தின் கடைசிப் பக்கம், கையெழுத்தும் முத்திரையுமாக, அசல்.

கடையை முனுசாமியிடம் ஒப்படைத்துவிட்டு அடுத்த வண்டியில் ஏறினேன். பேப்பரில் சுற்றிய பத்திரம் மடியில். அது தொலைந்தால் அவருக்கு நிலம் போகும், எனக்குக் கடை போகும் என்று வழியெல்லாம் ஜெபம். நெமிலிச்சேரியில் இறங்கி, பத்திரத்தில் இருந்த பெயரைச் சொல்லி விசாரித்து, அவர் வீட்டு வாசலில் போய் நின்றபோது இருட்டிவிட்டது. அவர் தாளை வாங்கினார். முன்னும் பின்னும் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்துக் கேட்டார்: "அது சரிம்மா, இதுல எத்தினி காப்பி எடுத்து ஊட்ல வெச்சிகினே?"

கண்ணாடிக் கதவு

ஆடி முடிந்த கையோடு எங்கள் கடைக்கு நேர் எதிரே இன்னொரு ஜெராக்ஸ் கடை திறந்தார்கள். கண்ணாடிக் கதவு, புது மெஷின், பெரிதாக்கவும் சிறிதாக்கவும் வசதி. கரண்ட் போனால் பின்னால் ஜெனரேட்டர் உறுமும். நகலுக்கு எங்களை விடப் பத்துப் பைசா குறைவு. நாங்களும் குறைத்தோம். அவர்கள் மறுபடி குறைத்தார்கள். அதற்குமேல் குறைத்தால் டிரம் டப்பாவில் போட ஒன்றும் மிஞ்சாது என்று நிறுத்திக்கொண்டேன். அதற்குப் பதிலாக பசை, குண்டூசி, நூலில் கட்டிய பேனா, உட்கார ஒரு பெஞ்சு என்று வைத்தேன். ஜனங்கள் எங்கள் பெஞ்சில் உட்கார்ந்து, எங்கள் பேனாவால் ஃபாரத்தை நிரப்பி, எங்கள் பசையால் போட்டோ ஒட்டிக்கொண்டு, எதிர்க்கடையில் போய் நகல் எடுத்தார்கள்.

புரட்டாசி பிறந்ததும் என் வீட்டுக்காரர் புரோக்கருக்கு போன் செய்து, விஜயதசமிக்கு மறுநாள் வந்து மெஷினைப் பார்க்கச் சொல்லிவிட்டார். அதைக் கேட்டுவிட்டு நான் பெஞ்சில் உட்கார்ந்திருந்தபோது, தினமும் வந்து பேனாவை எடுக்கும் ஒருவர் என் பக்கத்தில் உட்கார்ந்து அக்கறையாகக் கேட்டார்: "ஏம்மா, கடையை மூடினாலும் இந்த பெஞ்சு இங்கயேதானே இருக்கும்?"

டர்னர் செய்த பூஜை

நாங்கள் ஞாயிறு தவறாமல் மாதா கோயிலுக்குப் போகிற கிறிஸ்தவக் குடும்பம். ஆனாலும் எஸ்டேட்டில் வேலை பார்த்தவர்களைக் கேட்டுப் பாருங்கள், ஆயுத பூஜை அன்று லேத்துக்குப் பொட்டு வைக்காத டர்னர் எந்த மதத்திலும் கிடையாது. என் வீட்டுக்காரரும் வருடா வருடம் வைத்தவர்தான். அன்று காலையில் முனுசாமி சந்தனக் கிண்ணத்தோடு வந்து, "கையோட உன் மெஷினுக்கும் வெச்சிடு அண்ணாத்தே" என்றதும் எழுந்துவிட்டார். லேத்தில் பொட்டு வைப்பது பெட் என்கிற இரும்பு மேடையின் மேல்தான், அதுதான் மெஷினுக்கு நெஞ்சு என்பார். இந்த மெஷினுக்கு நெஞ்சு எது என்று யோசித்து, மூடியைத் தூக்கி, கண்ணாடியின் ஓரத்தில் சந்தனத்தை வட்டமாக வைத்து, நடுவில் குங்குமம் வைத்தார். நான் பதறினேன். "ஓரமாத்தானே வெச்சிருக்கேன், தாள் அதுவரைக்கும் வராது" என்றார். மூடியின் மேல் மாலை போட்டு, சுவிட்சை அணைத்தார். இனி மறுநாள் காலை வரை மெஷினைத் தொடக்கூடாது. வைத்த பொட்டையும் யாரும் துடைக்கக்கூடாது, தானாகப் போகும்வரை இருக்க வேண்டும். எஸ்டேட்டில் அதுதான் வழக்கம்.

மத்தியானம் வாசலில் ஒரு சிஸ்டர் வந்து நின்றார். முகப்பேர் காலனியில் புதிதாகத் தொடங்கிய கான்வென்ட் பள்ளியின் தலைமையாசிரியை. விஜயதசமி அன்று எல்.கே.ஜி. சேர்க்கை, அதற்கு விண்ணப்ப ஃபாரம் வேண்டும். பாதியை எதிர்க்கடையில் கொடுத்து அப்போதே எடுத்துவிட்டார். மீதிப் பாதியை எங்களிடம் கொடுத்துப் பார்க்க வந்திருந்தார். எது திருப்தியாக இருக்கிறதோ அந்தக் கடைக்கே வருடம் முழுவதும் பரீட்சைத் தாள், சுற்றறிக்கை எல்லாம் தருவதாகச் சொன்னார். புரோக்கர் வருவதற்கு முன்னால் மாதாவே அனுப்பிய வேலை. ஆனால் மெஷினைத் தொட முடியாது. நாளைக் காலையில் முதல் வேலையாக எடுத்துத் தருகிறேன் என்று திக்கித் திணறிச் சொன்னேன். சிஸ்டர் மெஷினின் மேல் இருந்த மாலையைப் பார்த்தார், சாம்பிராணிப் புகையைப் பார்த்தார், பிறகு என் கழுத்தில் இருந்த சிலுவையைப் பார்த்தார். "ஏழு மணிக்கு எங்க வாட்ச்மேன் வருவாரு. உன்னை நான் சர்ச்சுல பார்த்த மாதிரி இருக்கே?"

நீளத் தாள்

விஜயதசமி அன்று விடிந்ததும் கடையைத் திறந்தோம். தொடக்கமாக ஒரு சின்ன வேளாங்கண்ணி மாதா படத்தை வைத்து நகல் எடுத்தார் என் வீட்டுக்காரர். பளிச்சென்று வந்தது. எனக்கு அழுகையே வந்துவிட்டது. பிறகு சிஸ்டரின் ஃபாரத்தை வைத்தேன். அது நீளத் தாள். எங்கள் மெஷினில் நகல் கவிழ்ந்துதான் விழும். எடுத்துத் திருப்பினால்தான் எழுத்து தெரியும். நான் திருப்பவில்லை. வழக்கம்போல ஸ்டெபிலைசர் முள்ளைப் பார்த்துக்கொண்டே எடுத்து முடித்தேன். வாட்ச்மேன் சைக்கிளில் வந்து மணியடித்தார். ஃபாரங்களை ஒரு கட்டாக நூலால் கட்டிக் கொடுத்தேன். சைக்கிள் கிளம்பிப் போனதைப் பார்த்துவிட்டுத்தான் மூச்சு விட்டேன்.

கொஞ்ச நேரத்தில் முனுசாமி தன் கடை லைசென்ஸைக் கொண்டுவந்தார். அதுவும் நீளத் தாள். எடுத்துக் கொடுத்தேன். அவர் நகலைக் கையில் வாங்கிப் பார்த்தார். அதன் தலைமாட்டில், நட்டநடுவில், சந்தனம் சாம்பல் நிறத்தில் வட்டமாகவும் குங்குமம் கறுப்பாகவும் அழகாக விழுந்திருந்தது. கன்னியாஸ்திரிகள் நடத்தும் பள்ளிக்கூடம், ஒவ்வொரு ஃபாரத்தின் தலையிலும் பொட்டு. முனுசாமி தாளை நெற்றிக்கு நேராகப் பிடித்துக்கொண்டு சொன்னார்: "இன்னா யக்கா, எங்க சைக்கிள் கடைக்கும் சேத்துப் பொட்டு வெச்சிட்டியா?"

ஆட்டோவில் வந்தது

என் வீட்டுக்காரர் சட்டையை மாட்டிக்கொண்டு, கட்டைத் திரும்ப வாங்கிவர முகப்பேருக்குப் பஸ் ஏறினார். நான் கடையில் உட்கார்ந்தும் உட்காராமலும் இருந்தேன். யார் வந்து எதைக் கேட்டாலும் "கொஞ்சம் இருங்க" என்றேன். எதிர்க்கடைக்காரர் கண்ணாடிக் கதவுக்குப் பின்னால் சிகரெட் பிடித்துக்கொண்டு என்னைப் பார்ப்பது போலவே இருந்தது. புரோக்கர் மறுநாள் வந்து மெஷினின் மூடியைத் தூக்குவதும், என் வீட்டுக்காரர் காக்கி உடுப்பை இஸ்திரி போடுவதும் மாறி மாறிக் கண்ணுக்குள் ஓடின. மத்தியானம் திரும்பும் நேரத்தில் ஓர் ஆட்டோ வந்து நின்றது. டிரைவர் பக்கத்தில் ஒடுங்கிக்கொண்டு என் வீட்டுக்காரர், மடியில் ஒரு கட்டுக் காகிதம். பின்னால் சிஸ்டர். கட்டு திரும்பி வந்துவிட்டது, இனி பேச ஒன்றுமில்லை என்று எழுந்து நின்றேன்.

"சிஸ்டர், அது வேணும்னு செஞ்சது இல்ல" என்று ஆரம்பித்தேன். சிஸ்டர் பெஞ்சில் உட்கார்ந்தார். "எங்க ஸ்கூலுக்கு எதிர்ல இந்த வருஷம் இன்னொரு ஸ்கூல் வந்திருக்கு, தெரியுமா?" என்றார். தெரியாது என்றேன். "ரெண்டு கட்டையும் மேஜைமேல வெச்சேன். பெத்தவங்க கோயிலுக்குப் போயிட்டுப் பிள்ளையைக் கூட்டிட்டு நேரா வர்றாங்க. ஒரு அம்மா உன் ஃபாரத்தைப் பார்த்துட்டு, பூஜையில வெச்ச ஃபாரமா சிஸ்டர்னு கேட்டாங்க. நான் என்ன சொல்றது, சிரிச்சேன். அதுக்கப்புறம் வந்தவங்க அத்தனை பேரும் அதைத்தான் கேட்டாங்க. எதிர் ஸ்கூலுக்குப் போயிட்டிருந்த ரெண்டு பேரு திரும்பி வந்தாங்க. உன் கட்டு தீர்ந்துபோச்சு. இவர் கொண்டு வந்திருக்கறது எதிர்க்கடையில எடுத்தது, யாரும் வாங்கல." நான் எதிர்க்கடையைப் பார்த்தேன். பிறகு என் வீட்டுக்காரரைப் பார்த்தேன். அவர் தலையைக் குனிந்துகொண்டு மெஷினின் மாலையைச் சரிசெய்துகொண்டிருந்தார்.

சிஸ்டர் பையிலிருந்து அசல் ஃபாரத்தை எடுத்து நீட்டினார். இன்னும் வேண்டுமாம். "பொட்டோடவா, பொட்டு இல்லாமலா சிஸ்டர்?" என்று கேட்டேன். அவர் வாசலை ஒரு முறை பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்திச் சொன்னார்: "இன்னிக்கு சாயங்காலம் வரைக்கும் பொட்டோட. நாளைக்கு மதர் சுப்பீரியர் வர்றாங்க, அதனால நாளைலேருந்து பொட்டு இல்லாம, வருஷம் பூரா இங்கயேதான்."

மறுநாள் காலையில் என் வீட்டுக்காரர் எஸ்டேட் வழக்கத்தை மீறித் தன் கைக்குட்டையாலேயே அந்தப் பொட்டைத் துடைத்தார், வந்த புரோக்கர் என் பெஞ்சில் உட்கார்ந்து டீ குடித்துவிட்டு வெறுங்கையோடு போனார், நான் மட்டும் அன்றிலிருந்து ஒவ்வொரு நகலையும் திருப்பிப் பார்த்தபடியே ஸ்டெபிலைசர் முள்ளையும் பார்க்கப் பழகி, ஒரு கவலை இருந்த இடத்தில் இரண்டு கவலையோடு முன்னேறினேன்.